கல்லில் நின்ற வணிகர் வாக்கு
தாம்பரத்தில் 1984இல் அமைந்த ஏற்றுமதி மண்டலம் முதலாகத் தென்சென்னைப் புறநகரில் பணிபுரியும் நம் இளைஞர்க்கு, வணிகக் கடிதம் வரைதலும் அவையஞ்சாது உரைத்தலும் இன்றியமையாதன. ஆங்கிலம் சரளமாக வாராமையால் நாணித் தளர்வோரும் உளர். அவர்க்கு நம் வரலாறே சான்று காட்டும்.

கரூர் அருகே புகளூர் ஆறுநாட்டார்மலையில் சமண முனிவர் உறைந்த குகைத்தளத்தில், ஏறத்தாழ 1,700 ஆண்டுகட்கு முன், கருவூர்ப் பொன்வணிகன் நத்தி தன் ஊர், தொழில், பெயர், கொடை நான்கையும் ஐந்தே சொல்லில் பொறிக்கச் செய்தான். மதுரை அழகர்மலையில் உப்பு வணிகனும் கொழு வணிகனும் தம்மை அவ்வாறே சுருங்க உரைத்தனர். புகழ்ச்சி இல்லை, ஐயத்திற்கு இடமும் இல்லை.

மிகையும் பொய்யும் நீக்கி அளந்து மொழிதலைப் பாஷா சமிதி என நம் அறநெறி வகுத்தது. எம்மொழியில் எழுதினும் தெளிவும் வாய்மையுமே வணிக உரையின் உயிர். பெற்றோர் இதனை இளையோர்க்கு உணர்த்துவாராக.