எரிக்கப்பட்ட ஆனி, திரும்பி வந்த ஆனி

அமெரிக்காவில் பதின்ம வயதினருக்கான கதைகளில் தற்பாலின ஈர்ப்பு முதன்முதலாகத் தலைகாட்டியது 1969-ல். ஜான் டொனோவன் எழுதிய 'ஐ வில் கெட் தேர், இட் பெட்டர் பி வொர்த் தி ட்ரிப்' என்ற நாவல் அது. 13 வயது டேவிக்கும் அவன் நண்பனுக்கும் இடையே ஒரு முத்தம். கொஞ்ச நாளில் டேவியின் நாய் காரில் அடிபட்டுச் சாகிறது. தான் செய்ததற்குக் கிடைத்த தண்டனை இது என்று அவன் நினைத்துக்கொள்கிறான். அதன் பிறகு வந்த இத்தகைய நாவல்கள் பலவற்றிலும் இதே கதைதான். விபத்து, சாவு, பிரிவு... ஏதாவது ஒன்று வந்துவிடும்!

இந்த வழக்கத்தை மாற்றியதில் முக்கியமானது நான்சி கார்டன் எழுதி 1982-ல் வெளிவந்த 'ஆனி ஆன் மை மைண்ட்'. நியூயார்க்கில் லிசா, ஆனி என்ற இரண்டு 17 வயதுப் பெண்கள் காதலிக்கிறார்கள். பள்ளியில் பெரிய பிரச்சினை ஆகிறது. ஆனாலும் கதை அவர்களைப் பிரித்துவிட்டு முடியவில்லை.

கான்சாஸ் மாநிலத்தின் ஓலேத்தா நகரப் பள்ளி நூலகத்தில் இந்தப் புத்தகம் பல வருடங்கள் சத்தமில்லாமல் இருந்தது. 1993-ல் ஓர் அமைப்பு கான்சாஸ் சிட்டி வட்டாரப் பள்ளிகளுக்கு இதை இலவசமாகக் கொடுக்க முன்வந்தது. அப்போதுதான் வந்தது வினை. கான்சாஸ் சிட்டியில் எதிர்ப்பாளர்கள் புத்தகத்தைக் கொளுத்தினார்கள். ஓலேத்தா நிர்வாகமோ இலவசப் பிரதிகளை மறுத்ததோடு நிற்காமல், ஏற்கனவே நூலகத்தில் இருந்ததையும் எடுத்துவிட்டது.

மாணவர்கள் சும்மா இருக்கவில்லை. பெற்றோருடன் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். அவர்களுக்குக் கைகொடுத்தது ஒரு பழைய வழக்கு. நியூயார்க் மாநில மாணவன் பிகோ தொடர்ந்த வழக்கில், கருத்து பிடிக்கவில்லை என்பதற்காகப் பள்ளி நூலகத்திலிருந்து புத்தகத்தை நீக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் சிலர் சொல்லியிருந்தார்கள். அதுவும் ஆனி வெளிவந்த அதே 1982-ல்! 1995-ல் ஓலேத்தா மாணவர்கள் ஜெயித்தார்கள். ஆனி மறுபடியும் அலமாரிக்கு வந்தாள்.

சண்டை அதோடு முடியவில்லை. மேரிலாந்தின் மாண்ட்கமரி கவுண்டி பள்ளிகளில் இத்தகைய கதைப் புத்தகங்களை வகுப்பில் பாடமாக வைத்தார்கள். மத நம்பிக்கை காரணமாக ஆட்சேபித்த பெற்றோர், அந்த வகுப்பிலிருந்து பிள்ளைகளை விலக்கிக்கொள்ளலாம் என்று 2025-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது வகுப்பறை பற்றிய வழக்கு, ஓலேத்தா வழக்கு நூலகம் பற்றியது. என் பிள்ளைக்கு வேண்டாம் என்பது ஒன்று. யாருமே படிக்கக் கூடாது என்று அலமாரியைக் காலி செய்வது வேறு. ஓலேத்தா மாணவர்கள் நீதிமன்றம் போனது இந்த இரண்டாவதை எதிர்த்துத்தான்.