பாரிஸ் வழியா, லண்டன் வழியா?

வெளிநாட்டு அருங்காட்சியகத்தில் காப்பாட்சியர் ஆக வேண்டும் என்று விரும்பும் மாணவர் முதலில் கேட்பது, 'எந்தக் கல்லூரியில் சேரலாம்?' என்பதைத்தான். அதற்கும் முன்னால் ஒரு கேள்வி உண்டு: அந்த நாட்டு அருங்காட்சியகங்கள் எப்படி ஆள் எடுக்கின்றன? பிரான்சையும் இங்கிலாந்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால், படிப்பைத் திட்டமிடுவதில் இந்தக் கேள்விக்கு எவ்வளவு எடை இருக்கிறது என்பது தெரியும்.

பயிற்சி

எக்கோல் தூ லூவ்ர் 1882-இல் லூவ்ர் அரண்மனைக்குள்ளேயே தொடங்கப்பட்ட கல்வி நிலையம். முதல் கட்டம் மூன்று ஆண்டுகள். தொல்பழங்காலம் முதல் இன்று வரையிலான கலை வரலாறு எல்லோருக்கும் பொது. கூடவே ஒரு சிறப்புப் பாடம். இந்தியக் கலையையும் சிறப்புப் பாடமாக எடுக்கலாம். விரிவுரைகளோடு, சிறு குழுக்களாக அருங்காட்சியகக் கூடங்களுக்குப் போய்ப் பொருளின் முன் நின்று படிக்கும் வகுப்புகளும் உண்டு. பாரிஸின் கீமே அருங்காட்சியகத்தில் சோழர் கால நடராசர் இருக்கிறார். அப்படியொரு செப்புத்திருமேனியின் முன் நிற்கும் மாணவர் முயலகனையும் திருவாசியையும் அடையாளம் சொன்னால் போதாது. பீடத்தில் தண்டு கோக்கும் துளைகளோ வளையங்களோ உண்டா, முகம் தேய்ந்திருப்பது அபிஷேகத்தாலா, மண்ணில் புதைந்து கிடந்ததாலா என்று பார்க்கப் பழக வேண்டும்.

லண்டனின் கோர்ட்டால்டு நிறுவனம் 1932-இல் தோன்றியது. அதன் முதுகலைப் படிப்பு ஒரே கல்வியாண்டில் முடிந்துவிடும். ஒரு காலத்தையோ கருப்பொருளையோ தேர்ந்தெடுத்து, ஓர் ஆசிரியரோடு சிறு குழுவாக உட்கார்ந்து விவாதித்து, இறுதியில் ஆய்வேடு எழுத வேண்டும். எதுவார் மானே 1882-இல் முடித்த 'ஃபோலி பெர்ஜேர் மதுக்கூடம்' ஓவியம் இந்த நிறுவனத்தின் கலைக்கூடத்திலேயே இருக்கிறது. பணிப்பெண்ணின் முதுகு கண்ணாடியில் அவளுக்கு நேர் பின்னால் தெரியாமல் வலப்பக்கம் விலகித் தெரிகிறது. வரையும்போதே மானே அந்தப் பிம்பத்தை இன்னும் வலப்பக்கம் நகர்த்தியதை ஊடுகதிர்ப் படங்கள் காட்டுகின்றன. ஏன் நகர்த்தினார் என்று சான்றோடு வாதிடுவதுதான் லண்டன் தரும் பயிற்சி.

பாரிஸ் அகலத்திலிருந்து தொடங்குகிறது, லண்டன் ஆழத்திலிருந்து. முன்னதற்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஆகும். பாடமும் தேர்வும் பிரெஞ்சு மொழியில். பின்னதற்கு ஓராண்டு போதும், ஆனால் அடிப்படைப் பட்டம் ஏற்கெனவே கையில் இருக்க வேண்டும். கல்விக் கட்டணத்தில் பாரிஸ் வெகு மலிவு. லண்டனில் வெளிநாட்டு மாணவருக்கு அதுவே பெரிய சுமை.

வேலைவாசல்

பிரான்சில் அரசுக் காப்பாட்சியர் பதவிக்கு வழி போட்டித் தேர்வுதான். 1990-இல் உருவான தேசிய மரபுச் செல்வ நிறுவனம் இந்தத் தேர்வை நடத்துகிறது. தேறியவர்களுக்குச் சம்பளத்தோடு 18 மாதப் பயிற்சி, அதன்பின் பணி. ஆனால் வெளியிலிருந்து வருபவர்களுக்கான அந்தத் தேர்வை எழுத, பிரான்ஸ் அல்லது ஐரோப்பிய ஒன்றியம் சார்ந்த குடியுரிமை வேண்டும். ஐந்தாண்டு பாரிஸில் படித்த இந்தியக் குடிமகன் இந்த வாசலில் நின்றுவிட நேரும். ஒப்பந்தப் பணி, கண்காட்சித் தயாரிப்பு, தனியார் அறக்கட்டளைகள், ஆய்வுப் பணி ஆகியவைதான் அவருக்கு மிஞ்சும். சேரும்முன் இதைத் தெரிந்துகொள்ளாதவர் படும் ஏமாற்றம் கொடுமையானது.

இங்கிலாந்தில் அப்படி ஒற்றைத் தேர்வு கிடையாது. ஒவ்வோர் அருங்காட்சியகமும் தனித்தனியாக விளம்பரம் செய்யும். கட்டாயத் தகுதிகள், விரும்பத்தக்க தகுதிகள் என்று இரண்டு பட்டியல் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் சான்று காட்டி விண்ணப்பம் எழுத வேண்டும். 'சேகரிப்பைப் பட்டியலிட்ட அனுபவம்' என்ற வரிக்கு மதிப்பெண் சான்றிதழ் பதிலாகாது. எங்கே, எந்தப் பொருள்களை, எப்படிப் பதிவு செய்தீர்கள் என்று எழுதியாக வேண்டும். அருங்காட்சியகப் பணிக்கென்றே 1966-இல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் தனித் துறை உருவானதற்கு இந்தச் செய்முறைத் தேவையும் ஒரு பின்னணி. குடியுரிமைத் தடை இங்கே குறைவு. தடை விசாவில் இருக்கிறது. வேலை விசாவுக்குச் சம்பள வரம்பு உண்டு. இளநிலைப் பணிகள் பலவற்றின் சம்பளம் அதை எட்டுவதில்லை.

தமிழ் மாணவரின் கைமுதல்

ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 1967-இல் லண்டன் ஏலம் ஒன்றில் திருமங்கையாழ்வார் செப்புத்திருமேனி ஒன்றை வாங்கியது. அதே திருமேனி 1957-இல் தமிழ்நாட்டுக் கோயிலில் இருந்ததைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பழைய புகைப்படம் காட்டிக்கொடுத்தது. 2024 மார்ச்சில் அதைத் திருப்பித் தர ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் ஒப்புதல் அளித்தது. ஒரு பொருள் யார் யார் கைமாறி வந்தது என்று துப்புத் துலக்கும் இந்த வேலைக்கு இன்று இரு நாட்டு அருங்காட்சியகங்களிலும் முக்கியத்துவம் கூடிவருகிறது. பீடத்துக் கல்வெட்டைப் படிக்கவும், கோயில் வழக்கத்தை அறியவும், பழைய ஆவணங்களில் ஊர்ப்பெயரைத் தேடவும் தெரிந்த தமிழ் மாணவர் அங்கே கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. தெற்காசியச் சேகரிப்பில் பணி தேடுபவருக்கு லண்டன் வழி பொருத்தம். ஆனால் அதற்கு முன் இந்தியாவிலேயே ஏதேனும் ஓர் அருங்காட்சியகத்தில் பொருள்களைக் கையாண்டு பட்டியலிட்ட அனுபவம் வேண்டும். வதோதரா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகவியல் படிப்பு அதற்கு நல்ல தொடக்கம். ஆய்வாளராக நீண்ட காலம் பிரான்சில் வாழத் துணிந்தவருக்குப் பாரிஸ். அவர் இளங்கலையிலேயே பிரெஞ்சு கற்கத் தொடங்கிவிட வேண்டும். எந்த வழியில் போனாலும் தமிழ்க் கல்வெட்டியலையும் படிமக்கலையையும் ஊரிலேயே அழுத்தமாகக் கற்றுக்கொண்டு கிளம்புங்கள். கோயிலும் கல்வெட்டும் எட்டும் தூரத்தில் இருப்பது இங்கேதான்.