திருகாணியும் மண்ணெண்ணெயும்

போட்டில் போய்வருகிற உச்சமுனையில் கார் எஞ்சின் கதை எதற்கு என்று கேட்காதீர்கள், நம் எஞ்சின் கதையும் அதுதான்.

ஒரு கிராம் பெற்றோல் சரியாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். காபரேட்டர் காலத்தில் அந்தக் கணக்கைப் பார்த்தது ஒரு திருகாணியும் மெக்கானிக்கின் காதும். 1967இல் பொஷ் நிறுவனம் வொக்ஸ்வேகன் 1600 காரில் இலத்திரனியல் முறையில் எரிபொருளைப் பீச்ச வைத்தது. அதோடு திருகாணி போய்விடவில்லை. 1973இல் வந்த கே-ஜெட்ரோனிக்கிலும் நீளமான அலன் சாவியை உள்ளே விட்டு, மயிரிழை அளவு திருப்பித்தான் கலவையைச் சரிசெய்தார்கள். வலப்பக்கம் திருப்பினால் பெற்றோல் கூடும். 1976இல் வொல்வோ காரின் புகைக்குழாயில் ஒட்சிசன் உணரி பொருத்திய பிறகே எஞ்சின் தன் கலவையைத் தானே திருத்தப் பழகியது.

நம் மண்ணெண்ணெய் எஞ்சினில் அந்த உணரி ஏது? பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துமுன் திரும்பப் பெற்றோலுக்கு வருகிறோம். மற்றதெல்லாம் காதுதான். 2022 ஓகஸ்ட்டில் லீற்றர் 87 ரூபா மண்ணெண்ணெய் ஒரே இரவில் 340 ஆனதே, அன்றிலிருந்து இது காசுக் கணக்கும்கூட. எண்ணெய் கூடினால் பிளக் கறுக்கும், காசு புகையாகும். மிச்சம் பிடிக்கப்போய்க் குறைத்தால் பிஸ்டன் சூடாகி நடுக்கடலில் இறுகும்.

பிளக்கின் நிறம் பார்த்துத் திருகாணி திருப்பும் மூத்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதிவரச் சொல்லி என் வகுப்புப் பிள்ளைகளை அனுப்பியிருக்கிறேன். கொப்பியோடு வந்தால் விரட்டாதீர்கள்.