எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சை: எழுபதாண்டு வரலாறு தரும் பாடம்



சில மாதங்களுக்கு முன்பு நம் பள்ளி மாணவி ஒருத்தியின் தாயார், பிள்ளையை அழைத்துப் போக வந்தவர், வகுப்பறை வாசலில் தயங்கி நின்றார். "டீச்சர், ஆறு வருஷத்துக்கு முன்ன வயித்தச் சின்னதாக்கி ஆப்பரேஷன் செஞ்சாங்க. முப்பது கிலோ இறங்குச்சு. இப்ப ஏழு கிலோ திரும்ப ஏறிப்போச்சு. லயத்துல உள்ளவங்க, அறுத்தும் வாய் அடங்கலையான்னு கேக்கறாங்க. டாக்டர் முகத்துல முழிக்கவே வெட்கமா இருக்கு," என்றார். இரண்டு ஆண்டுகளாக அவர் கிளினிக் பக்கமே போகவில்லை என்பதும் பேச்சில் தெரிய வந்தது.

அவருடைய வெட்கம் நியாயமானதுதானா? இக்கேள்விக்கு விடை, இந்தச் சிகிச்சையின் வரலாற்றிலேயே இருக்கிறது. மலேசியாவில் 2023-ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட தேசிய உடல்நல ஆய்வின்படி, பெரியவர்களில் நூற்றுக்கு 54 பேர் அளவுக்கு மீறிய எடையோ உடற்பருமனோ உடையவர்கள். ஆகவே இது யாரோ ஒருவரின் கதை அன்று. நம் எல்லாருடைய கதையுமாகும்.

முதலில் கலோரி என்றால் என்னவென்று பார்ப்போம். விறகு எரிந்து வெப்பம் தருவதுபோல, உணவு உடலுக்குள் சென்று சக்தி தருகிறது. அச்சக்தியை அளக்கும் அளவுகோலே கலோரி. அமெரிக்காவில் வில்பர் அட்வாட்டர் என்னும் விஞ்ஞானி, 1890-களில் மனிதரை ஓர் அடைத்த அறையில் இருக்கச் செய்து, அவர் உண்பதையும் உடல் வெளியிடும் வெப்பத்தையும் அளந்தார். ஒரு கிராம் மாவுப்பொருள் 4 கலோரி, புரதம் 4 கலோரி, கொழுப்பு 9 கலோரி என்று இன்றும் நாம் போடும் கணக்கு, அவர் வழியாக வந்ததே.

ஆனால், உடல் வெறும் அடுப்பு அன்று. இதனை உலகுக்கு உணர்த்தியது மற்றோர் ஆய்வு. இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில், 1944-45-ஆம் ஆண்டுகளில், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களைக் கொண்டு பட்டினியின் விளைவை ஆராய்ந்தார். அவர்கள் தாமாகவே முன்வந்தவர்கள். இருபத்து நான்கு வாரங்கள் நாளொன்றுக்குச் சுமார் 1,570 கலோரி மட்டுமே அவர்களுக்குத் தரப்பட்டது. உடல் எடையில் ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது. அத்துடன் நாடித் துடிப்பு தளர்ந்தது, உடற்சூடு தணிந்தது, ஓய்வாக இருக்கும்போது உடல் செலவிடும் சக்தி ஏறக்குறைய நூற்றுக்கு 40 பங்கு குறைந்துபோயிற்று. இரவும் பகலும் சோற்று நினைவே அவர்களை வாட்டியது. வரவு குறைந்தால் செலவைக் குறைத்துக்கொள்ளும் குடும்பத் தலைவியைப் போலவே உடலும் நடந்துகொள்கிறது என்பது தெளிவாயிற்று. பஞ்சத்தில் வந்த பட்டினியா, மருத்துவர் சொன்ன பத்தியமா என்று உடலுக்கு வேறுபாடு தெரியாது.

அதே மின்னசோட்டாவில்தான் 1954-ஆம் ஆண்டில் கிரெமன் என்பவரும் அவருடைய துணை மருத்துவர்களும் புதிய வழி ஒன்றை எழுதி வெளியிட்டனர். சிறுகுடலின் பெரும்பகுதியை உணவு தொடாமல் போகும்படி குடலைக் குறுக்காக இணைப்பதே அவ்வழி. உண்டாலும் உடலில் ஒட்டாது, எடை குறையும். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால், ஓயாத வயிற்றுப்போக்கு, சிறுநீரகக் கல், கல்லீரல் கேடு எனத் துன்பங்கள் தொடர்ந்தன. 1980-ஆம் ஆண்டு வாக்கில் இம்முறை கைவிடப்பட்டது. பலருக்கு மீண்டும் வயிற்றைத் திறந்து குடலைப் பழையபடி இணைக்க வேண்டியதாயிற்று.

இதற்கிடையே அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்னும் மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். வயிற்றுப் புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை இழந்தவர்கள் எளிதில் பருமனாவதில்லை. அதையே அடிப்படையாகக் கொண்டு, 1966-ஆம் ஆண்டில் இட்டோ என்பவருடன் சேர்ந்து, இரைப்பையில் சிறு பை ஒன்றைப் பிரித்துக் குடலோடு இணைக்கும் முறையை அவர் தொடங்கினார். இரைப்பைச் சுற்றுவழி எனப்படும் இன்றைய சிகிச்சைக்கு அதுவே தாய். பின்னாளில் இரைப்பையை நீளக் குழாய் போலச் சிறுத்துவிடும் முறையும் வந்து பரவியது.

அறுத்தபின் முதல் ஆண்டு எடை குறைவதை எல்லாரும் கண்டனர். பத்தாம் ஆண்டில் என்ன ஆகும்? இந்தக் கேள்வியைப் பொறுமையோடு கேட்டது சுவீடன் நாடு. 1987-ஆம் ஆண்டில் லார்ஸ் ஷோஸ்ட்ரோம் என்பவரின் தலைமையில் ஆய்வு தொடங்கியது. அறுவை செய்துகொண்டவர்கள் 2,010 பேர். செய்துகொள்ளாதவர்கள் 2,037 பேர். இவ்விரு குழுவினரையும் ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்தனர்.

அவர்கள் கண்டதைக் கவனமாகக் கேளுங்கள். இரைப்பைச் சுற்றுவழி செய்துகொண்டவர்கள் முதல் ஓரிரண்டு ஆண்டுகளில் சராசரியாக நூற்றுக்கு 32 பங்கு எடை இழந்தனர். பத்தாண்டு முடிவில் அந்த இழப்பு 25 பங்காக இருந்தது. அதாவது, 100 கிலோ இருந்தவர் 68 கிலோவுக்கு இறங்கி, பிறகு 75 கிலோவில் வந்து நின்றார். ஏழு கிலோ திரும்பியது! நம் மாணவியின் தாயார் எதற்காக வெட்கப்பட்டாரோ, அதுவே அங்கே பொதுவான அனுபவமாக இருந்தது.

உணவுக் கணக்கும் இதையே காட்டியது. சிகிச்சைக்கு முன் நாளொன்றுக்குச் சுமார் 2,900 கலோரி உண்டதாகச் சொன்னவர்கள், ஆறு மாதத்தில் சுமார் 1,500 கலோரிக்கு இறங்கினர். பிறகு ஆண்டுதோறும் சிறிது சிறிதாக ஏறி, சில ஆண்டுகளில் 2,000 கலோரியை நெருங்கினர். பழைய அளவுக்கு அவர்கள் திரும்பவில்லை என்பதே இங்கு முக்கியம். அதன் பயனும் கண்கூடு. ஏறக்குறைய பதினோர் ஆண்டுகளில் அறுவை செய்துகொள்ளாதவர்களில் 129 பேரும், செய்துகொண்டவர்களில் 101 பேரும் இறந்தனர். ஏழு கிலோ திரும்பிய பிறகும் சிகிச்சை உயிர் காத்தது.

எடை ஏன் திரும்புகிறது? இளைத்த உடலுக்குச் சக்திச் செலவு குறைவு. சிறிய பையும் நாளடைவில் சற்றுக் கூடுதலாக ஏற்கப் பழகுகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் சுரப்பை 1999-ஆம் ஆண்டில் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்தனர். பத்தியத்தால் இளைத்தவர்களுக்கு அது கூடுவது 2002-ஆம் ஆண்டில் தெரிய வந்தது. ஆகவே, பசி என்பது வெறும் வாய்க் கொழுப்பு அன்று. இரத்தத்தில் ஓடும் கட்டளையும்கூட.

அப்படியானால் ஒருவர் எத்தனை கலோரி உண்ணலாம்? எல்லாருக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. சுவீடனின் 2,000 கலோரி பெரிய உடலுடையவர்களின் சராசரி. அதை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. வயது, உயரம், வேலை ஆகியவற்றைப் பார்த்து உணவு ஆலோசகரே சொல்ல வேண்டும். ஆனால், கணக்கு எங்கே நழுவுகிறது என்பதை நாமே காணலாம். சிறிய இரைப்பை சோற்றைத் தடுக்கும். இனிப்புத் தண்ணீரைத் தடுக்காது. ஒரு தேக்கரண்டி சீனி ஏறக்குறைய 16 கலோரி. மூன்று கரண்டி போட்ட தேத்தண்ணீர் நான்கு முறை குடித்தால், சீனி மட்டுமே 190 கலோரியைத் தாண்டும். அது ஏறக்குறைய ஒரு கோப்பைச் சோற்றுக்குச் சமம். குடித்தவர் கணக்கில் அது வருவதே இல்லை.

ஆகவே, சிகிச்சை செய்துகொண்டவர்கள் முட்டை, மீன், பருப்பு போன்ற புரத உணவை முதலில் உண்ண வேண்டும்; பிறகே சோறு. மென்று, மெதுவாக உண்ண வேண்டும். மருத்துவர் தந்த இரும்பு, சுண்ணாம்பு, வைட்டமின் பி12 மருந்துகளை நிறுத்தக் கூடாது. பற்றாக்குறை ஆண்டுகள் கழித்தும் வரும். வாரம் ஒரு முறை எடை பார்த்து எழுதி வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எடை ஏறினால் அன்றுதான் கிளினிக்குக்குப் போக வேண்டும். ஏறிய எடையை மறைப்பவருக்கு மருத்துவர் எப்படி உதவ முடியும்?

அந்தத் தாயாரிடம் சுவீடன் கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினோம். வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நான் தோத்துப் போகல, இல்ல டீச்சர்?" என்று கேட்டார். மறு வாரமே கிளினிக் அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு போனார்.

நேயர்களே, அறுவை ஒரு நாள் வேலை; அதைக் காப்பது ஆயுள் வேலை. அந்த வேலையில் இருப்பவரை ஏளனம் செய்யாமல், நம் வீட்டுத் தேத்தண்ணீரில் ஒரு கரண்டி சீனியைக் குறைத்து அவருக்குக் கொடுப்போம். நாமும் அப்படியே குடிப்போம்.