கணினிக்குள் ஒரு கங்காணி

பிள்ளைக்கு மடிக்கணினி வாங்கக் கடைக்குச் சென்றால், "விண்டோஸா, மேக்கா, லினக்ஸா?" என்று கேட்கிறார்கள். இவை இயங்குதளங்களின் பெயர்கள். துரையின் கட்டளையைப் பெற்று ஆட்களிடம் வேலை வாங்கிய கங்காணியைப் போல, நமது கட்டளையைப் பெற்றுக் கணினியின் உறுப்புகளை வேலை வாங்குவது இயங்குதளம். கங்காணியின் கடுஞ்சொல் மட்டும் இதற்கு இல்லை!

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் சிறு கணினியை அமெரிக்காவில் வெளியிட்டபோது, அதற்கு மூன்று இயங்குதளங்களை அறிவித்தது. கேரி கில்டால் என்பார் ஆக்கிய சி.பி.எம். வகையே அன்று பேர் பெற்றிருந்தது. ஆனால் 1982இல் அது ஐ.பி.எம். கணினிக்கு வந்தபோது விலை 240 அமெரிக்க வெள்ளி. மைக்ரோசாப்ட் வழங்கிய டாஸோ 40 வெள்ளிதான். அதுவும் சியாட்டல் பகுதிச் சிறு நிறுவனம் ஒன்றிடம் மைக்ரோசாப்ட் விலைக்கு வாங்கியதே. மக்கள் மலிவானதை எடுத்தனர். எடுத்தவர் பெருகப் பெருக, கணக்கெழுதவும் கடிதம் அச்சிடவும் மென்பொருள் ஆக்கியோரும் அதற்கே ஆக்கினர். பின்னர் வந்த விண்டோஸ் அந்தச் செல்வாக்கின் மீது வளர்ந்தது.

1991இல் பின்லாந்து மாணவர் லினுஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸை இலவசமாகவே பெறலாம். ஆயினும் விண்டோஸுக்கென ஆக்கிய மென்பொருள் பலவும் அதில் நேரே இயங்குவதில்லை. ஆகவே சேமிப்பை எடுக்குமுன், பாடத்துக்கு எந்த மென்பொருள் தேவை என்று பள்ளியில் கேட்டுக்கொள்வோம்.

பழைய கணினி மலிவாகக் கிடைக்கிறதா? விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14இல் நிறுத்திவிட்டது. பழைய கணினிகள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. கடைக்காரர் அதைப் போட்டுக் காட்டட்டும். பிறகு பணத்தைக் கொடுப்போம்.