செல்லிப்பட்டும் கொம்யூனும்

புதுச்சேரிப் பகுதியில் சங்கராபரணிக் கரையில், பிரெஞ்சு ஆட்சியில் ஆற்றின் குறுக்கே கட்டிய படுகை அணையால் பெயர் தெரிந்த ஊர் செல்லிப்பட்டு. 'செல்லி' என்றதும் இந்தப் பக்கத்தில் செல்லியம்மன்தான் நினைவுக்கு வருவாள். 'பட்டு' நெய்யும் பட்டல்ல; சிற்றூர் என்பது அதன் பொருள். சோரப்பட்டு, மணலிப்பட்டு, செட்டிப்பட்டு, மண்ணாடிப்பட்டு என்று சுற்றுவட்டாரம் முழுக்கப் பட்டுதான். இவற்றில் எனக்குப் பிடித்தது மதகடிப்பட்டு. ஏரி மதகுக்கு அடியில் எழுந்த ஊர் என்று பெயரே சொல்லிவிடுகிறது.

குழப்பம் ரோமன் எழுத்தில் வந்தது. முதலியார்பேட்டையின் 'பேட்டை'யும் மண்ணாடிப்பட்டின் 'பட்டு'ம் பிரெஞ்சுத் தாள்களில் ஒரே மாதிரி 'பெத்' ஆயின. ஒன்று சந்தையும் தொழிலும் கூடிய புறநகர், மற்றது வயல்நடுவே நாலு தெரு. எழுதியவருக்கு அந்த வேறுபாடு ஒரு பொருட்டாகப் படவில்லை. இன்றும் பலகையில் 'பெட்' என்று முடிவதைப் பார்த்து, வெளியூர்க்காரர்கள் பட்டுகளைப் பேட்டையாக்கிவிடுகிறார்கள்.

இத்தகைய சிற்றூரைப் பிரெஞ்சுக்காரர்கள் 'அல்தே' என்றார்கள். அதுவும் அவர்கள் சொந்தச் சரக்கல்ல. அரபியில் பண்ணை நிலத்தைக் குறித்த சொல், போர்த்துக்கீசியத்தில் 'அல்தெய்யா' என்ற கிராமமாகி, அங்கிருந்து இந்தியக் கடற்கரைக்குக் கப்பலேறி வந்தது. காரைக்கால் பக்கத்துத் திருமலைராயன்பட்டினத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'பெரிய அல்தே'. அரசனின் பெயரும் போய், பட்டினமும் போய், பெரிய கிராமம் என்று மட்டும் மிஞ்சியது! பிரெஞ்சுக்காரர் போனதும் அல்தேயும் போயிற்று. நகராட்சி மன்றத்தைக் குறித்த 'மேரி' புதுச்சேரிக் கடற்கரையில் ஒரு கட்டடத்தின் பெயராகச் சுருங்கியது. அந்தக் கட்டடமும் 2014 மழையில் இடிந்து, பழைய சாயலில் புதிதாக எழும்பி நிற்கிறது.

நிலைத்தது உள்ளாட்சி வட்டத்தைக் குறித்த 'கொம்யூன்' ஒன்றுதான். பொது என்று பொருள்படும் லத்தீன் சொல்லின் பிள்ளை அது. 1880 மார்ச் 12 ஆணைப்படி பிரெஞ்சிந்தியாவில் பத்துக் கொம்யூன்கள் அமைந்தன. புதுச்சேரிப் பகுதிக்கு நான்கு: புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர். 1907இல் பத்து பதினேழானபோது மேற்குப் பகுதி திருபுவனையின் பெயரில் தனிக் கொம்யூன் ஆயிற்று. பெயர்த் தேர்வில் குறை சொல்ல முடியாது. சோழர் காலத்தில் திரிபுவனமாதேவிச் சதுர்வேதிமங்கலம் என்று சபை நடத்திய ஊர் அது. முதலாம் இராசாதிராசனின் 1048ஆம் ஆண்டுக் கல்வெட்டு, அங்கே 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் இருந்த கல்லூரி ஒன்றைக் காட்டுகிறது.

பிற்காலத்தில், செல்லிப்பட்டு அடங்கிய அந்தக் கொம்யூனுக்குப் பெயர் மண்ணாடிப்பட்டு என்றானது. அலுவலகமோ திருக்கனூரில். ஆக, செல்லிப்பட்டுக்காரர் போய் நிற்பது ஓர் ஊரில், பலகையில் படிப்பது இன்னோர் ஊரின் பெயரை. வருவாய்த் துறைக் கணக்கிலோ அவர் வில்லியனூர் தாலுகாக்காரர்.

கொம்யூன் வெறும் வரி வசூல் வட்டமாக இருந்துவிடவில்லை. 1954 அக்டோபர் 18 அன்று வில்லியனூருக்கு அப்பால் கீழூரில் கூடி வாக்களித்த 178 பேரில், சட்டமன்ற உறுப்பினர்களோடு கொம்யூன்களின் நகராட்சி உறுப்பினர்களும் இருந்தார்கள். இந்தியாவோடு இணைய 170 பேர் வாக்களித்தார்கள். எட்டுப் பேர் மறுத்தார்கள். பிரெஞ்சுக்காரர் ஊருக்கு ஊர் உண்டாக்கிய மன்றங்களே அவர்களை வழியனுப்பி வைத்தன.

1973ஆம் ஆண்டுச் சட்டம் பழைய சொல்லை எடுத்தெறியாமல் அதன் பக்கத்தில் பஞ்சாயத்தை உட்கார வைத்தது. புதுச்சேரிப் பகுதியில் ஐந்து, காரைக்காலில் ஐந்து என்று பத்துக் 'கொம்யூன் பஞ்சாயத்து'கள். எல்லை தாண்டி விழுப்புரம் மாவட்டத்துக்குள் கால் வைத்தால் இதுவே ஊராட்சி ஒன்றியம். பேச்சில் பஞ்சாயத்தும் உதிர்ந்துபோகும். தெருவிளக்கு எரியாவிட்டால் "கொம்யூன்ல எழுதிக் குடு" என்பார்கள்.

பொது என்ற சொல்லுக்குப் பொதுமக்களின் வாக்கு அடிக்கடி வாய்க்கவில்லை என்பதுதான் வேடிக்கை. 1968க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006இல்தான், அதுவும் நீதிமன்றப் படியேறிய பிறகு. அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்ததும், கொம்யூன் மறுபடி ஆணையர் கைக்குப் போயிற்று.