காற்று யாழின் சுருதி

மேலைநாட்டு இசையேட்டில் சுரம் எழுதப்பட்டிருக்கும்; வாத்தியத்துக்குச் சுருதி கூட்டிய முறை எழுதப்பட்டிராது. அதனால் நேர்ந்த ஓர் இழப்பைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

1836 செப்டம்பரில் லைப்சிக் நகரில் பிரெடெரிக் ஷொப்பின் பியானோ வாசிக்க, றொபேட் ஷூமன் கேட்டிருந்தார். விரற்பயிற்சிக்கென எழுந்த 'எத்தியூட்' என்னும் வடிவத்தைக் கவிதையாக்கியவர் ஷொப்பின். அவற்றுள், 'ஏ ஃபிளாட்' சுரத்தை ஆதாரமாகக் கொண்ட ஒன்றைக் காற்று மீட்டும் யாழுக்கு ஒப்பிட்டு மறு ஆண்டு ஷூமன் எழுதினார். 1837இல் அச்சேறிய அந்த உருப்படிக்கு அப்பெயரே நிலைத்துவிட்டது.

இன்றைய பியானோவில் ஒரு ஸ்தாயியின் பன்னிரண்டு படிகளும் சமமானவை. ஸ்தாயியை 1200 'சதங்களாக' வகுத்தால், இயற்கையான அந்தர காந்தாரம் 386இல் நிற்கும், பியானோவிலோ 400இல். எந்தச் சுரத்தை ஆதாரமாகக் கொண்டாலும் பிழை ஒன்றே.

முன்பு அப்படியல்ல. ஆங்கில அறிஞர் தோமஸ் யங் 1800இல் வெளியிட்ட முறைகளுள் ஒன்றில், 'ஸீ'யிலிருந்து காந்தாரம் 392. 'ஏ ஃபிளாட்'டிலிருந்து 408. முன்னது அமைதியானது, பின்னது அதிர்வது. இம்முறையில் 'காற்று யாழை' வாசித்தால், அந்த அதிர்வு விரைந்தோடும் சுரக்கொத்துகளுள் கரைந்து, காற்றுப்பட்ட தந்தியின் நடுக்கமாகிறது. இசை வேறு ஆதாரங்களுக்கு நகரும்போது நடுக்கம் கூடுகிறது, குறைகிறது. சமச் சுருதியில் இந்த வேறுபாடு கிட்டாது.

ஷொப்பின் கேட்டது இதுவேயெனச் சாதிக்க நான் வரவில்லை. ஆனால் அக்காலத்தில் சுருதி, காதின் துணையால் கூட்டப்பட்டது, ஆளுக்காள் வேறுபட்டது. 1885இல் அலெக்சாண்டர் எலிஸ் வெளியிட்ட அளவுகளின்படி, இலண்டனின் தேர்ந்த சுருதிகூட்டுநர்கள்கூடச் சமச் சுருதியைத் துல்லியமாக எட்டியிருக்கவில்லை.

1848 ஆகஸ்டில் ஸ்கொட்லாந்திலிருந்து பழைய நண்பருக்கு எழுதிய கடிதத்தில், தமக்குச் சுருதி கூட்டியவர் நீரில் மூழ்கி மாண்டதைச் சொல்லி ஷொப்பின் வருந்துகிறார். தமக்கு ஏற்றவாறு சுருதி கூட்டிய பியானோ இனி உலகில் எங்கும் இல்லை என்பது அவர் துயரம். மறு ஆண்டு அவரும் மறைந்தார்.

இசை பாடியவன் ஒருவன். அவனுக்குச் சுருதி சேர்த்தவன் இன்னொருவன். முன்னவனின் ஏடு நம்மிடம் உள்ளது. பழைய சுருதியில் அதை வாசித்துப் பார்ப்பவர்கள், பின்னவனின் காதையும் சேர்த்தே தேடுகிறார்கள்.